காரைதீவு மோட்டார் சைக்கிளுக்கு நான் சொன்ன விலை

எஞ்சினின் மேல் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது.

காலை வெயில் இன்னும் ஏறவில்லை. காரைதீவில் ஒரு வீட்டு வளவு. மாமரத்தின் கீழே பச்சை நிறச் சின்ன மோட்டார் சைக்கிள் நிற்கிறது. நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் குந்தியிருக்கிறேன். எதிரே மர வாங்கில் உட்கார்ந்தபடி என் சகலன் ஜுனைதீன் மாஸ்டர், என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். வாசற்படியில் வெள்ளைச் சேலையோடு பரமேஸ்வரி அக்கா. மோட்டார் சைக்கிள் அவருடைய புருஷனுடையது. அந்த மனிதர் காலமாகி நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது.

இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு தொகை சொல்ல வேண்டும். அந்தத் தொகைதான் விலை.

எஞ்சின் குளிர்ந்திருப்பது நல்ல சகுனம். விற்கிறவர் நாம் வருமுன்னே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம். சூடான எஞ்சின் எந்தக் கழுதைக்கும் ஸ்டார்ட் ஆகும். அந்த அக்கா எதையும் மறைக்கவில்லை. மறைக்கிறதற்கு அன்றைக்கு அந்த வளவில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான், அவன் நான்.

சென்ற வாரம் அரிசி மில்லில் என் கை வெந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், "உங்களுக்கு எல்லாம் தெரியும் என்பது போலவே எழுதுகிறீர்களே, ஒரு தடவையாவது உங்கள் கணிப்புப் பிழைக்கவில்லையா?" என்று கடிதம் போட்டிருக்கிறார். பிழைத்த கதைகள் நிறைய உண்டு, ஐயா. இது பிழைத்த கதை அல்ல. தெரிந்தே செய்தது.

மதிப்புச் சொல்லுகிறவன்

அம்பாறைப் பக்கம் பெரிய அணை கட்டி, மண் லொறிகள் எங்கள் கரையோர வீதியில் ஓடத் தொடங்கியிருந்த காலம். வருடம் சரியாக ஞாபகமில்லை.

அந்த நாளில், தெரிந்தவர்களுக்குள் பெரிய பொருள் எதையும் பேரம் பேசி வாங்குவதில்லை. ஒரு சோடி மாடு, ஒரு தோணி, ஒரு தறி, எதுவானாலும் இரண்டு பகுதியும் சம்மதித்து ஒரு ஆளைக் கூப்பிடும். அவர் பொருளைப் பார்த்து ஒரே ஒரு தொகை சொல்வார். அதற்கு மேல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வாங்குகிறவருக்குச் சரியென்றால் காசை எடுப்பார். விற்கிறவருக்குக் கட்டாது என்றால், "பொருள் இருக்கட்டும்" என்று சொல்வார். அவ்வளவுதான். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எல்லோரும் எழும்பிப் போவார்கள். ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை.

மதிப்புச் சொல்லுகிறவனுக்குக் கூலி கிடையாது. ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் பீரிஸ் தட்டில் இரண்டு வாழைப்பழமும் வரும். ஆனால் பேர் இருக்கிறதே, அது பெரிய விஷயம். கல்முனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் எஞ்சின் வைத்த பொருள் எதுவானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கல்முனை அரிசி மில்லில் எஞ்சின் பார்க்கிறவன் என்பதால் வந்த பேர் அது. தண்ணி இறைக்கிற மெஷினுக்குச் சொல்லியிருக்கிறேன். லொறிக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு முறை கிராமபோனுக்குக்கூடச் சொன்னேன். கிராமபோனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் இரண்டு பேரும் நம்பிக் கூப்பிட்டார்கள், காதை வைத்துக் கேட்டுவிட்டு ஒரு தொகையைச் சொன்னேன். வாங்கியவர் கடைசி வரைக்கும் என்னைக் கண்டால் சிரிப்பார்.

இந்தப் பேரை நான் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். வீட்டில் எனக்கு வேறு பேர் எதுவும் இருக்கவில்லை.

மூத்த மருமகன், இளைய மருமகன்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். நான் நிந்தவூர்க்காரன். சாய்ந்தமருதில் ஒரு வீட்டின் மூத்த மகளைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். மாமனார் ஏற்கனவே மௌத்தாகி அடக்கமாகியிருந்தார். ஆண் பிள்ளை இல்லாத வீடு. ஆறு வருடம் அந்த வீட்டில் நான்தான் ராசா. சாய்மனைக் கதிரை எனக்கு. பாரை மீன் ஆக்கினால் தலை எனக்கு. தேத்தண்ணிக்கு மூடி போட்ட கோப்பை எனக்கு.

பிறகு இளைய மகளுக்கு ஜுனைதீன் வந்தான். பயிற்றப்பட்ட ஆசிரியர். வெள்ளைக் காற்சட்டை, சட்டைப் பையில் பேனை. மெல்லக் கதைப்பான். யாரைக் கண்டாலும் முதலில் ஸலாம் சொல்லுவான். அவனிடம் ஒரு குறை கண்டுபிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. என்னைக் "காக்கா" என்றுதான் கூப்பிடுவான். சொந்த மூத்த சகோதரனைக் கூப்பிடுவது போலவே இருக்கும். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மாமி மருமக்களோடு முகம் பார்த்துக் கதைக்கமாட்டார். அது எங்கள் பக்கத்து மரியாதை. குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று, பொதுவாகக் காற்றோடு கதைப்பது போலச் சொல்லுவார். "சோறு ஆறுது" என்றால் நான் சாப்பிட வர வேண்டும் என்று பொருள். ஜுனைதீன் வந்த பிறகு அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து வரும் குரலே மாறிப்போயிற்று. "மாஸ்டருக்குக் களைப்பா இரிக்கும், இளநீ வெட்டி வெச்சிரிக்கி" என்று தேன் வடியும். நானும் அதே வாசலால்தான் மில்லில் உமியும் ஒயிலும் அப்பிக்கொண்டு வருவேன். எனக்குச் சோறு ஆறும், அவ்வளவுதான்.

ஒரு நாள் நாங்கள் சேர்ந்து சாப்பிடுகிற சஹன் தட்டில் பாரை மீன் தலை அவன் பக்கம் கிடந்தது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. நான் கவனித்தேன்.

ஜுனைதீனுக்குப் பள்ளிக்கூடம் பாலமுனையில். பஸ்ஸை நம்பிப் போய்வர முடியாது என்று அங்கேயே ஒரு வீட்டில் தங்கிவிட்டு, கிழமைக்கு ஒருக்கா, ஏழு நாளைக்கு ஒரு தரம், வருவான். அவன் பெஞ்சாதி முதல் பிள்ளை வயிற்றோடு இருந்தாள். ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தால் தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம். நியாயமான ஆசைதான். எனக்குத்தான் அது நியாயமாகப் படவில்லை.

என் மனைவி ஒரு நாள் பாய் விரித்துக்கொண்டே மெல்ல விஷயத்தை எடுத்தாள்.

"உம்மா பெரும்போக நெல்லு வித்த காசில அறுநூறு எடுத்து வெச்சிரிக்கா. காரதீவில ஒரு மோட்டார் சைக்கிள் விலைக்கி இரிக்காம். மதிப்புச் செல்ல உங்களத்தான் வரட்டாம் எண்டு அவங்களும் செல்லி அனுப்பியிரிக்காங்க."

"அறுநூறா? எனக்குக் கலியாணத்துக்கு என்ன தந்த? உங்கட வாப்பாட பழைய சைக்கிள். அவருக்கு எஞ்சின் வெச்ச சைக்கிளா?"

"மெல்லக் கதைங்க. உங்கட மில்லு கிட்டத்தானே இரிக்கி."

"தூரத்தயா நான் கதைக்கிறன்?"

"மறுகா என்னத்தக் கதைக்கிறீங்க?"

அதற்கு எனக்குப் பதில் தெரியும். சொல்ல வெட்கமாக இருந்தது. மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அம்மைப்பால் குத்துகிறவரின் வண்டி

அந்த மோட்டார் சைக்கிளை எனக்கு முன்பே தெரியும். பரமேஸ்வரி அக்காவின் புருஷன், அம்மை வராமல் கையில் அம்மைப்பால் குத்துகிற உத்தியோகத்தர். மருந்துப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, கரையோரத்து ஊர்களுக்கும் உள்ளே புதுக் குடியேற்றப் பக்கங்களுக்கும் போவார். வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் கொல்லைப் பக்கமாக ஓடி ஒளிவார்கள். நல்ல மனிதர், ஆனால் எந்த வீட்டுப் பிள்ளையும் அவரைக் கண்டு சிரித்ததில்லை.

வண்டி இழுக்கவில்லை என்று இரண்டு முறை மில்லுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அந்த ரக எஞ்சினுக்குப் பெற்றோலோடு ஒயிலையும் கலந்து ஊற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்து எரிவதால் புகைக் குழாய்க்குள் கரி படிந்துகொண்டே வரும். படிந்து படிந்து குழாய் அடைத்துவிட்டால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். மேடு ஏறாது, வேகம் பிடிக்காது, நீலப் புகை வரும். தெரியாதவன் பார்த்தால் எஞ்சின் செத்துவிட்டது என்றுதான் நினைப்பான்.

தெரிந்தவன் குழாயைக் கழற்றி, உள்ளே நெருப்பு வைத்து எரித்து, கல்லில் நாலு தட்டுத் தட்டுவான். தேங்காய்ச் சிரட்டையில் பாதிக்குக் கரி கொட்டும். மறுபடியும் பூட்டினால் வண்டி புதிசு. ஒரு மணித்தியால வேலை. செலவு, கை கழுவுகிற சவர்க்காரம் மட்டும்தான். இரண்டு முறையும் நான்தான் அதைச் செய்து கொடுத்தேன். இரண்டாம் முறை பிஸ்டனையும் வெளியே எடுத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

ஆகவே அன்றைக்குக் காரைதீவில் குந்தியிருந்தபோது எனக்கு எல்லாம் தெரியும். உப்புக் காற்று மட்கார்ட்டின் அடியைத் தின்றிருந்தது, அதற்குக் கொஞ்சம் கழிக்க வேண்டும். பின் சில்லில் இரண்டு கம்பி போயிருந்தது. டயர் பாதி. சங்கிலி தளர்ந்திருந்தது. புது வண்டி அந்த நாளில் ஆயிரத்துச் சொச்சம். எல்லாம் கழித்துப் பார்த்தால் அறுநூறு நியாயமான விலை. மாமி யாரிடம் விசாரித்தாரோ தெரியாது, ஒரு ரூபா பிசகாமல் எடுத்து வைத்திருந்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

இருநூற்றைம்பது

மூன்றாவது உதையில் எஞ்சின் பற்றிக்கொண்டது. நீலப் புகை மாமரத்தைச் சுற்றியது. கையை முறுக்கினேன். பொதபொதவென்று சத்தம் வந்ததே தவிர வேகம் எடுக்கவில்லை. குழாய் அடைத்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.

அப்போது ஜுனைதீன் வாங்கை விட்டு எழும்பி வந்தான். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, பெற்றோல் தாங்கியின் மேலிருந்த மாம்பூத் தூசியை மெதுவாகத் துடைத்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். வண்டி ஏற்கனவே அவனுடையது போல ஒரு சந்தோஷம். பாலமுனையிலிருந்து ஒவ்வொரு நாளும் இதில் வந்து இறங்குவான், கதவுக்குப் பின்னால் இளநீர் வெட்டுவார்கள், நான் அந்தப் பக்கமாகப் பழைய சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவேன். அந்தக் கைக்குட்டைதான் என்னைக் கெடுத்தது.

கூட்டிச் சொன்னால் பிரயோசனமில்லை. மாமி இன்னும் இரண்டு மூட்டை நெல்லை விற்பார். குறைத்துச் சொல்ல வேண்டும். ஒருவரும் கொடுக்க முடியாத அளவுக்குக் குறைத்துச் சொல்ல வேண்டும். புருஷன் ஏறித் திரிந்த வண்டி. மானமுள்ள எந்தப் பெண்ணும் "பொருள் இருக்கட்டும்" என்றுதான் சொல்லுவாள். தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஒருவருக்கும் நட்டமில்லை, மாஸ்டர் பஸ்ஸில் போகட்டும். இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

"பிஸ்டன் தேஞ்சி போச்சி" என்றேன். "இழுவையே இல்ல. இருநூத்தம்பது."

பரமேஸ்வரி அக்கா வண்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த இரண்டு சொல்லுக்காக நான் காத்திருந்தேன்.

"நீங்க சொன்னாச் சரி தம்பி" என்றார். "அவரும் கடைசி நாளில இழுக்குதில்ல எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தவர். மில்லுத் தம்பிக்கிட்டக் கொண்டு போகணும் எண்டார். அதுக்கு நேரம் வரல்ல."

"அவசரமில்ல அக்கா, யோசிச்சுச் செல்லுங்க. இருக்கட்டும் எண்டு செல்லினாலும் நாங்க ஒண்டும் நினைக்கமாட்டம்."

"வேற ஆள் சொல்லியிருந்தா யோசிப்பன். நீங்க அவர்ர வண்டியக் கையால தொட்டுப் பாத்த ஆள். உங்களுக்குத் தெரியாததா?"

கடைசி நம்பிக்கையாக ஜுனைதீனைப் பார்த்தேன். அவன் தயங்கிக்கொண்டுதான் நின்றான். "காக்கா, பிஸ்டன் போனத எடுத்து என்ன செய்யிற?" என்று கேட்டான். வாயைத் திறந்து "விடு" என்று சொல்லப் போனேன். அதற்குள் அவனே சிரித்தான். "சரி, நீங்க இரிக்கிறீங்கதானே, பாத்துக்கலாம்" என்று காசை எடுத்து அந்த அக்காவின் கையில் கொடுத்துவிட்டான்.

நான் குறைத்துச் சொன்ன விலையில், என் சகலனுக்கு மோட்டார் சைக்கிள் கிடைத்துவிட்டது.

அக்கரைப்பற்றில் தட்டிய குழாய்

வீட்டுக்குத் திரும்பும்போது அவன் மோட்டார் சைக்கிளில் வந்தான், நான் சைக்கிளில் வந்தேன். நான்தான் முந்தினேன். அவ்வளவு இழுவை.

பிஸ்டன் எப்போது மாற்றலாம் என்று கேட்டான். கொழும்பிலிருந்து வர வேண்டும் என்று தள்ளிப்போட்டேன். களியோடைப் பாலத்து ஏற்றத்தில் மாஸ்டர் வெள்ளைக் காற்சட்டையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதைக் கண்டதாக மில்லுக்கு நெல் கொண்டுவந்த ஒருவர் சொன்னார். எங்கே, எப்போது, வியர்த்திருந்ததா என்றெல்லாம் விசாரித்துக் கேட்டேன். பொய் சொல்லமாட்டேன். அந்த மூன்று கிழமையும் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

நாலாவது கிழமை ஒரு பின்னேரம் வீதியில் ஒரு சத்தம் கேட்டது. பொதபொதப்பு இல்லை. நல்ல சுத்தமான சத்தம். வண்டி வளவுக்குள் பாய்ந்து வந்து நின்றது. கோழிகள் நாலு பக்கமும் சிதறின.

"காக்கா, பிஸ்டன் நல்லாத்தான் இரிக்காம்" என்றான் ஜுனைதீன், இறங்கும்போதே. "அக்கரப்பத்தில ஒரு ஆள் குழாயக் கழட்டித் தட்டினார். அவ்வளவுதான். உங்களுக்கும் பிழைக்கும் எண்டு இண்டைக்குத்தான் எனக்குத் தெரியும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பிறகு அவன் முகம் கொஞ்சம் மாறியது. "அந்த அக்காக்குத்தான் நட்டமாப் போச்சி, என்ன?"

"மதிப்புச் செல்லினாச் செல்லினதுதான்" என்று நான் வெட்டிவிட்டேன்.

வீட்டுப் பெண்கள் அதை வேறு மாதிரி விளங்கிக்கொண்டார்கள். எனக்குப் பிழைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். அப்படியானால் வேண்டுமென்றே, குடும்பத்துக்காக, விலையைக் குறைத்துக் கொடுத்திருக்கிறேன். மூத்த மருமகனுடைய மூளையே மூளை. என் மனைவி என்னை இப்படிப் பார்த்ததைக் கலியாணம் முடித்த நாளுக்குப் பிறகு நான் கண்டதில்லை.

அன்று சாப்பிடக் குந்தியபோது பாரை மீன் தலை என் பக்கம் இருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது. காற்றோடு அல்ல, என்னோடு.

"மூத்த மருமகன் சேத்துத் தந்த காசு மூணூத்தம்பது மிச்சம் இரிக்கி. அதில அவருக்கு ஒரு புதுச் சைக்கிள் எடுக்கட்டும். வாற சனிக்கிழம போய்ப் பாக்கட்டும்."

தலையைத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

சேலையில் சுற்றிய மெஷின்

சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. எந்தச் சைக்கிள் எடுப்பது என்று முடிவும் செய்துவிட்டேன். கல்முனைக் கடையில் தொங்கிக்கொண்டிருந்த கறுப்புச் சைக்கிள், முன்னால் விளக்கு வைத்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு முறை போய் அதன் மணியை அடித்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது முறை போக மில்லை விட்டு வெளியே வந்தேன். வாசலில் பரமேஸ்வரி அக்கா நின்றார். பஸ்ஸில் வந்திருக்கிறார். இடுப்பில் பிள்ளை தூக்குவது போல ஒரு சுமை, பழைய சேலையில் சுற்றி. நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்து அவிழ்த்தார். தையல் மெஷின்.

"மகள மட்டக்களப்பில போடிங்கில தங்கவிட்டுப் படிப்பிக்கணும் தம்பி. வண்டி விக்கிற காசில சமாளிக்கலாம் எண்டு நினைச்சன், அது பத்தாமப் போச்சு. இதுக்கும் ஒரு மதிப்புச் சொல்லுங்க. கல்முனையில ஒரு ஆள் வாங்கக் கேக்கிறார். நீங்க சொல்றதுக்குக் குடுக்கிறன்."

"இத வித்திட்டு என்னத்தால தைப்பீங்க அக்கா?"

"தைக்காம இருக்கிறதுதான். வேற என்ன செய்யிற?"

சில்லைச் சுற்றிப் பார்த்தேன். ஊசி மேலும் கீழும் போய்வந்தது, ஒரு கரகரப்பு இல்லை. நேற்றுத்தான் ஒயில் விட்டிருக்கிறார். விற்கப் போகிற பொருளுக்கும் ஒயில் விட்டுத் துடைத்துக் கொண்டுவந்திருக்கிறார். மறுபடியும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார், அன்றைக்கு வாசற்படியில் நின்றது போலவே.

"ஒரு கிழம பொறுங்க" என்றேன்.

"ஏன் தம்பி?"

"இண்டைக்கு எனக்குக் கை சரியில்ல."

மதிப்புச் சொல்லக் கை எதற்கு? அவர் கேட்கவில்லை. மறுபடியும் சேலையைச் சுற்றினார். பஸ் நிறுத்தம் வரைக்கும் மெஷினை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். சைக்கிள் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். கடைப் பக்கம் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அந்தச் சைக்கிள் இந்த அக்காவின் காசு.

கிணற்றடியில்

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குப் போகுமுன் கிணற்றடியில் ஜுனைதீன் குளித்துக்கொண்டிருந்தான். தலை முழுக்கச் சவர்க்கார நுரை. கண்ணை இறுக மூடியிருந்தான். முகம் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாதவனுக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"தம்பி, அந்த மோட்டார் சைக்கிள் விஷயம். எனக்குப் பிழைக்கல்ல. குழாய்தான் எண்டு தெரிஞ்சிதான் பிஸ்டன் எண்டு சென்னன்."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. "என்னத்துக்குக் காக்கா?"

"அந்த அக்கா தரமாட்டா எண்டு நினைச்சன். உனக்கு அது கிடைக்கக் கூடாதெண்டு இருந்திச்சு."

தையல் மெஷின் வந்ததையும் சொன்னேன். போடிங்கையும் சொன்னேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் திட்டுக்காக நின்றேன். திட்டினால் திருப்பித் திட்ட என்னிடம் அவன் வந்த நாள் முதல் சேர்த்த சாமான் இருந்தது. மீன் தலையிலிருந்து தொடங்கலாம் என்று இருந்தேன்.

அவன் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினான். கண்ணைத் திறந்தான்.

"சரியான விலை எவ்வளவு?"

"அறுநூறு."

"சரி" என்றான். துவாயை எடுத்துத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அவ்வளவுதான்.

ஜும்மா முடிந்ததும் மோட்டார் சைக்கிள் காரைதீவுப் பக்கம் போனது. அதற்கு முன் குசினிக் கதவுப் பக்கம் நின்று மாமியிடம் என்ன சொன்னானோ தெரியாது. மிச்சக் காசு முழுக்க அவனிடம் வந்தது. மாமி அன்றைக்குக் காற்றோடும் கதைக்கவில்லை, என்னோடும் கதைக்கவில்லை. சனிக்கிழமை வந்தது, போனது. சைக்கிளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் வழமை போலப் பழைய சைக்கிளில் மில்லுக்குப் போனேன்.

பின் சீற்றில்

அடுத்த கிழமை பரமேஸ்வரி அக்கா மறுபடியும் மில்லுக்கு வந்தார். இந்த முறை கையில் சுமை இல்லை. மகளைப் போடிங்கில் சேர்த்துவிட்டு நேரே வருகிறேன் என்றார்.

"தம்பி, பிழைச்ச விலைய நீங்களே கண்டுபிடிச்சி, மிச்சக் காசையும் சகலன்ட கையில குடுத்து விட்டீங்களாம். உங்களுக்குச் சைக்கிள் எடுக்க வெச்சிருந்த காசாமே? அந்தத் தம்பி சொன்னார். எனக்கு என்ன சொல்றதெண்டு தெரியல்ல. எங்கட அவர் உங்களப் பத்தி நல்ல மனுசன் எண்டு சொன்னது பொய்யில்ல."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தில் கேட்கவில்லை என்று நடித்திருக்கலாம். நடிக்கவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம், அதையும் சொல்லவில்லை.

"ஓம் அக்கா" என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் எஞ்சினைச் சுற்றி வந்து, துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

பின்னேரம் மில் பூட்டி வெளியே வந்தபோது மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பள்ளிக்கூடத்திலிருந்து நேரே கல்முனைக்கு வந்திருக்கிறான், பெஞ்சாதிக்கு மருந்து எடுக்க.

"ஏறுங்க காக்கா. சைக்கிள் மில்லில கிடக்கட்டும்."

அதுவரைக்கும் நான் அந்த வண்டியில் ஏறியதில்லை. ஏறமாட்டேன் என்று மனதுக்குள் சபதம் வைத்திருந்தேன். ஏறினேன். வண்டி என்ன அழகாக இழுத்தது தெரியுமா? நான் மனதுக்குள் மதிப்புப் போட்டது சரி. அறுநூற்றுக்கு ஒரு சதம் குறையாது.

கடைத்தெரு தாண்டியதும் அவன் காதுக்குக் கிட்டக் குனிந்து கேட்டேன்.

"அந்த அக்காக்கிட்ட ஏன் அப்படிச் சென்ன? நான் பொய் சென்னன் எண்டு செல்லியிரிக்கலாம்தானே. என்னக் காப்பாத்தச் சென்னயா?"

"உங்களுக்காக இல்ல காக்கா." வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "புருசன் இல்லாத மனுசி. நாளைக்கும் எதயாவது விக்க வேண்டி வரும். மதிப்புச் செல்ல நம்புற ஆள் ஒண்டு அவக்கு வேணும்தானே. எனக்கு எஞ்சின் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். இனிச் சரியாச் செல்லுவீங்க."

மோட்டார் சைக்கிளுக்காக அவன் மேல் எரிந்தேன், மீன் தலைக்காக எரிந்தேன், இளநீருக்காக எரிந்தேன். அதெல்லாம் ஒரு எரிச்சலா? நான் அந்த அக்காவைக் கண்டு கூசிப் போனேன், என் பாவத்தை நினைத்தேன், என் பேரை நினைத்தேன். அந்த அக்காவின் நாளைய நாளை அவன் நினைத்திருக்கிறான். அது எனக்குத் தோன்றவே இல்லை. இந்தப் புத்தி அவனுக்கு ஏன் வந்தது, எனக்கு ஏன் வரவில்லை? பின் சீற்றில் இருந்துகொண்டு, அவன் பிடரியைப் பார்த்தபடி, அதுவரைக்கும் ஒரு நாளும் எரியாத அளவுக்கு வயிறு எரிந்தேன்.

சாய்ந்தமருதுக்குத் திரும்புகிற இடத்தில் வீதி குண்டும் குழியுமாக இருந்தது.

"தோளப் பிடிங்க காக்கா" என்றான்.

பிடித்துக்கொண்டேன்.